மருந்துக் குப்பியின் சாட்சியம்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. செஞ்சிக் கோட்டையைக் காண வருவோருள் பெரும்பாலோர் இவ்வூரின் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் தமிழகக் கட்டடக் கலை வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் கோயில் எடுத்தான். புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இருபதாம் நூற்றாண்டில் இதனை உலகறியச் செய்தார்.

அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு மிகச் சிறியது. வெற்றிகளையோ கொடைகளையோ அது பேசவில்லை. இந்தக் கட்டடத்தில் செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை என்று கூறி, இதனைச் செய்வித்தவன் விசித்திரசித்தன் என்று அரசனின் பட்டப்பெயரைக் குறிப்பிடுகிறது. எவர் பொருட்டு எடுக்கப்பட்டது என்பதையும் சொல்கிறது. ஒரு பொருளை ஆக்கியவன் யார், யாருக்காக ஆக்கினான், அதில் எவை கலக்கப்படவில்லை என்னும் மூன்று செய்திகளை அப்பொருளின் மேலேயே எழுதி வைத்த பழமையான சான்றுகளுள் ஒன்று அது.

இன்று நாம் கையில் எடுக்கும் ஒவ்வொரு மருந்துக் குப்பியும் இத்தகைய கல்வெட்டு ஒன்றைத் தன்மீது தாங்கியே வருகிறது. நாம் அதனை லேபிள் என்கிறோம். ஆக்கியவர் பெயர், ஆக்கிய நாள், கெடும் நாள், தொகுதி எண், உள்ளடங்கிய பொருள், எச்சரிக்கை ஆகியவை பொடி எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடி அணிந்தும் படிக்க இயலாத அவ்வெழுத்துகளை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவற்றின் வரலாற்றைத் தேடிச் சென்றால் ஓர் உண்மை புலப்படும். அவ்வரிகளுள் பலவும் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு துயரத்துக்குப் பின் எழுதப்பட்டவை. அத்துயரம் பெரும்பாலும் குழந்தைகளின் சாவாகவே இருந்திருக்கிறது. நாட்டுக்கு நாடு மருந்துறைகள் வேறுபடுவதற்குக் காரணமும் இதுவே. எந்த நாடு எந்தச் சாவை எண்ணிப் பார்த்துச் சட்டமாக்கியது என்பதை அந்நாட்டின் மருந்துக் குப்பி காட்டிவிடுகிறது.

முகமறிந்த மருத்துவன்

மருந்தின்மேல் எழுத்தே தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. ஊர் வைத்தியர் தம் கையாலேயே இலையைப் பறித்து, தாமே இடித்து, சூரணத்தைக் காகிதப் பொட்டலமாகவோ வாழைச் சருகிலோ மடித்துக் கொடுத்தார். எப்போது உண்பது, எதனோடு உண்பது, எதை விலக்குவது என்பனவற்றை வாயால் சொன்னார். மருந்து தவறானால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். அவர் முகமே அம்மருந்தின் முத்திரை.

மருந்து ஊர் எல்லையைத் தாண்டி விற்கத் தொடங்கியபோதுதான் முகத்துக்கு மாற்றாக வேறொன்று தேவைப்பட்டது. இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் தெரியாக்கா என்னும் நஞ்சுமுறி மருந்தை ஆண்டுதோறும் பொதுவிடத்தில், அதிகாரிகள் முன்னிலையில், மக்கள் காணவே தயாரித்தார்கள். பல பொருள்கள் சேரும் அம்மருந்தில் போலி கலந்துவிடலாகாது என்பதே அச்சடங்கின் நோக்கம். பின்னர் அது முத்திரையிட்ட சிமிழ்களில் அடைக்கப்பட்டு ஐரோப்பா எங்கும் சென்றது. பார்த்தவர் கண்ட சாட்சியம், பாராதவர்க்கு முத்திரையாய் மாறியது.

நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்து மருந்தகங்களில் கம்பவுண்டர்கள் மிக்ஸ்சர் கலந்து கொடுத்ததை முதியோர் பலரும் நினைவில் வைத்திருப்பர். நோயாளி வீட்டிலிருந்தே புட்டியைக் கழுவிக் கொண்டுபோவார். கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்றை ஓரங்களில் பல்பல்லாகக் கத்தரித்துப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒவ்வொரு பல்லும் ஒரு வேளை. எழுத்தறியாத பாட்டியும் அக்காகிதத்தைப் பார்த்து அளவு தவறாமல் மருந்து கொடுத்துவிடுவார். கன்னியர் நடத்திய சிற்றூர் மருந்தகங்களிலும் இம்முறையே வழங்கியது. படிக்காதவருக்கும் புரியும் லேபிள் என்று அதனைச் சொல்லலாம். இன்றைய அச்சிட்ட லேபிளில் செய்திகள் பலமடங்கு கூடிவிட்டன. ஆனால் அந்தப் பாட்டிக்குப் புரிந்த அளவு இன்றைய லேபிள் புரிகிறதா என்பது ஐயமே.

இருளிலும் தடவி அறிய

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் எலி மருந்தாகவும் களைக்கொல்லியாகவும் பாஷாணம் எளிதாகக் கிடைத்தது. வெண்ணிறப் பொடியாகிய அது மாவோடும் சர்க்கரையோடும் கலந்தால் கண்டறிய முடியாது. தவறியும் திட்டமிட்டும் பலர் இறந்தனர். 1851ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சிறு அளவில் விற்கும் பாஷாணத்தில் புகைக்கரியோ அவுரிச் சாயமோ கலக்க வேண்டும். வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நஞ்சு தன் நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்படி செய்த முதல் ஏற்பாடுகளுள் இது ஒன்று.

இதே காலத்தில் நஞ்சுக் குப்பிகளுக்கெனத் தனி வடிவம் தோன்றியது. நீலம் அல்லது பச்சை நிறக் கண்ணாடி. அதன் மேல் வரிவரியாக மேடுகள். மின்விளக்கில்லாத இரவில் நோயாளி மருந்தலமாரியைத் துழாவும்போது விரல்களே எச்சரிக்கையைப் படித்துவிடும். நம் வீடுகளில் மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்துக் குழந்தைகள் அதனைக் குடித்துவிடும் துயரங்களை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கலனின் உருவம் பொய் சொன்னால் உயிர் போகும் என்பதை அந்த வரியிட்ட நீலக் குப்பிகள் உணர்ந்திருந்தன.

ஒரு சொல்லால் பிடிபட்ட நஞ்சு

மருந்துச் சட்டங்களின் வரலாற்றில் 1937ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்து தொண்டை நோய் முதலிய தொற்றுகளுக்குப் பொடியாகவும் மாத்திரையாகவும் நற்பயன் தந்துவந்தது. குழந்தைகளுக்குத் திரவமாக வேண்டும் என்று வணிகர்கள் கேட்கவே, டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த மாசெங்கில் நிறுவனம் அதனை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான திரவத்தில் கரைத்து, ராஸ்பெரிப் பழச் சுவையூட்டி, 'எலிக்சிர்' என்று பெயரிட்டு அனுப்பியது. சுவை, மணம், தோற்றம் ஆகியவற்றைச் சோதித்தார்கள். உயிருக்குக் கேடு விளைக்குமா என்று சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்கவும் இல்லை.

அத்திரவம் தொழிற்கூடங்களில் பயன்படும் கரைப்பான். உடலினுள் சென்றால் சிறுநீரகத்தை அழித்துவிடும். சில வாரங்களுக்குள் 105 பேர் இறந்தனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள். அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தின் ஆய்வாளர்கள் நாடெங்கும் ஓடியோடிக் குப்பிகளைக் கைப்பற்றினார்கள். எந்தச் சட்டத்தின்கீழ்க் கைப்பற்றினார்கள் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டுவது. நஞ்சு விற்றது குற்றம் என்று சொல்ல அன்று சட்டப்பிரிவு இல்லை. 'எலிக்சிர்' என்ற சொல்லுக்கு மதுசாரம் கலந்த மருந்து என்பது பொருள். இக்குப்பியில் மதுசாரம் இல்லை. ஆகவே லேபிள் பொய். இந்த ஒரு பிழையே அரசின் கையிலிருந்த ஆயுதம். 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அந்தக் குப்பிகளைத் தொடவும் அதிகாரம் இருந்திராது.

மறு ஆண்டே, 1938இல், புதிய மருந்தை விற்பதற்குமுன் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. நம் நாட்டிலும் அக்காலத்தில் போலி மருந்துகள் மலிந்திருந்தன. கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் 1930இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு அந்நிலையை ஆராய்ந்து சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1940இல் மருந்துச் சட்டமும் 1945இல் அதற்கான விதிகளும் வந்தன. மருந்துக் குப்பியின் மேல் என்னென்ன எழுத வேண்டும் என்று இன்று நாம் காணும் முறை அவ்விதிகளிலிருந்து வளர்ந்ததே.

மீண்டும் மீண்டும் வந்த அதே நஞ்சு

அமெரிக்கா ஒருமுறை அழுது கற்ற பாடத்தை நாம் பலமுறை அழுதும் முழுதாய்க் கற்கவில்லை. டைஎத்திலீன் கிளைக்காலும், மருந்துகளில் முறையாகப் பயன்படும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியனவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிறமற்றவை, குழம்பு போன்றவை, இனிப்பானவை. நஞ்சோ விலை மலிவு. வாங்கிய கரைப்பானைச் சோதிக்காமல் கலந்துவிட்டால், அல்லது விற்றவன் பொய்ப்பெயரிட்டு விற்றுவிட்டால், இருமல் மருந்து எமனாகிவிடும்.

1972இல் இது நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் பத்துப் பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களுக்குக் கொடுத்த மருந்துத் திரவத்தில் இந்நஞ்சு இருந்தது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் என்று கொடுக்கப்பட்ட திரவத்தால் 14 நோயாளிகள் மாண்டனர். நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1998இல் டெல்லியை அடுத்த குர்கான் பகுதியில் 33 குழந்தைகள். 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஊர் வேறு, மருந்தின் பெயர் வேறு, நஞ்சு ஒன்றே.

இந்தக் குப்பிகள் ஒவ்வொன்றிலும் லேபிள் இருந்தது. ஆக்கியவர் முகவரியும் உரிம எண்ணும் இருந்தன. ஆயினும் நம் நாட்டு லேபிள்கள் நோயைத் தணிக்கும் செயல்படு பொருள்களின் பெயரையே முதன்மையாகச் சொல்லி வந்திருக்கின்றன. அவற்றைக் கரைத்திருக்கும் திரவம் எது என்று சொல்வது அரிது. சொன்னாலும், கலப்படம் செய்தவர் நஞ்சின் பெயரையா எழுதப் போகிறார்? எழுத்துக்குப் பின்னால் சோதனை இல்லாதபோது லேபிள் வெறும் காகிதமே. மகேந்திரவர்மனின் கல்வெட்டில் செங்கல் இல்லை என்றிருப்பதை நாம் இன்றும் சென்று பாறையைத் தொட்டுச் சரிபார்க்கலாம். மருந்துக் குப்பியில் அவ்வாறு சரிபார்க்க நோயாளியால் இயலாது. அவர் பொருட்டு அரசே தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாட்டுக்கு நாடு வேறுபடும் மூடிகள்

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் உறவினர் கொண்டுவரும் மாத்திரைப் புட்டியைத் திறக்க முயன்று தோற்ற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். உள்ளங்கையால் அழுத்தியபடியே திருகினால்தான் அம்மூடி திறக்கும். இதன் பின்னே ஒரு மருத்துவரின் மனவேதனை இருக்கிறது. கனடாவின் வின்ஸர் நகரில் ஓத்தெல் தியூ என்னும் கத்தோலிக்க மருத்துவமனையில் குழந்தை மருத்துவராயிருந்த என்றி புரோ, மாத்திரைகளை மிட்டாய் என்று விழுங்கி வரும் குழந்தைகளைக் கண்டு கண்டு மனம் வெதும்பினார். அவர் முயற்சியால் 1967இல் இந்த 'அழுத்தித் திருப்பும்' மூடி உருவாயிற்று. 1970இல் அமெரிக்கா இதற்கெனத் தனிச் சட்டமே செய்தது.

அச்சட்டத்தின்படி மூடியைச் சோதிக்கும் முறை சுவையானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குழுவிடம் வெற்றுப் புட்டியைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள். பின்பு திறக்கும் விதத்தைச் செய்து காட்டி மேலும் ஐந்து நிமிடம் தருவார்கள். செய்து காட்டுவதற்குமுன் நூற்றுக்கு 85 குழந்தைகளாவது, முடிவில் 80 குழந்தைகளாவது திறக்க முடியாமல் இருக்க வேண்டும். அதே வேளையில் ஐம்பது முதல் எழுபது வயது வரையுள்ள முதியோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திறந்துவிட வேண்டும். பேரனைத் தடுக்கும் மூடி தாத்தாவைத் தடுத்துவிடலாகாது என்னும் அக்கறை இதில் தெரிகிறது. நம் நாட்டிலோ எல்லா மருந்துகளுக்கும் இத்தகைய மூடி கட்டாயம் என்னும் பொதுவிதி இல்லை. நம் மாத்திரைகள் பெரும்பாலும் தனித்தனியே அடைத்த அட்டைகளில் வருவதால் ஒரு குழந்தை ஒரே நேரத்தில் பலவற்றை விழுங்குவது சற்றுக் கடினம். ஆனால் இனிப்பான திரவ மருந்துகளுக்கு அந்தக் காப்பும் இல்லை.

மூடிக்குக் கீழே காணும் மெல்லிய தகட்டு முத்திரைக்கும் ஒரு கதை உண்டு. 1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ பகுதியில் டைலினால் என்னும் தலைவலி மாத்திரையை உண்ட ஏழு பேர் இறந்தனர். யாரோ கடைகளிலிருந்த புட்டிகளைத் திறந்து சயனைடு நஞ்சை இட்டு வைத்திருக்கிறார்கள். குற்றவாளி இவர்தான் என்று இதுவரை உறுதியாகவில்லை. அந்நிறுவனம் ஏறத்தாழ மூன்று கோடியே பத்து லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே, கைபட்டால் காட்டிக்கொடுக்கும் உறை கட்டாயமாயிற்று. இன்று நாம் புட்டியைத் திறக்கையில் கிழிக்கும் அத்தகடு அந்த எழுவரின் நினைவுச் சின்னம் என்றால் மிகையாகாது.

இங்கிலாந்து மற்றொரு துயரத்தைக் கண்டது. மனமுடைந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரைகளை மிகுதியாக உண்டு கல்லீரல் கெட்டு இறந்தோர் பலர். 1998இல் அரசு உறையின் அளவையே குறைத்தது. பொதுக் கடைகளில் ஓர் அட்டைப்பெட்டியில் 16 மாத்திரைகளுக்குமேல் கூடாது. மருந்துக் கடையில் 32. அடுத்து வந்த பதினோராண்டுகளில் இவ்வகைச் சாவுகள் ஐந்தில் இரு பங்குக்குமேல் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கணித்தனர். கையெட்டும் தூரத்தில் கிடப்பதைச் சற்றே குறைத்தால், அந்த இருண்ட நாழிகை கடந்துவிடுகிறது, உயிர் தங்கிவிடுகிறது.

ஜப்பானிலோ முதியோர் மாத்திரையை அதன் தகட்டுத் துண்டோடு சேர்த்தே விழுங்கித் தொண்டை கிழிபட்டனர். ஆகவே 1996 முதல் அந்நாட்டு நிறுவனங்கள் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க முடியாதபடி அமைத்தன. நம்மூரில் நடப்பது இதற்கு நேர்மாறு. பத்து மாத்திரை வாங்கப் பணமில்லாத ஏழைக்குக் கடைக்காரர் மூன்றோ நான்கோ கத்தரித்துக் கொடுக்கிறார். வறுமையின் தேவை அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் கெடும் நாளும் தொகுதி எண்ணும் அச்சிட்ட துண்டு கடையிலேயே தங்கிவிட, பெயரில்லாத மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அரைப் பட்டையின் விலையை ஏழை செலுத்துகிறார். பாதுகாப்பு மட்டும் முழுப் பட்டை வாங்குபவருக்கு.

படமும் மொழியும்

எழுத்தறியாதவர்க்குப் படம் போதும் என்று எண்ணுகிறோம். அதிலும் ஆபத்து உண்டு. தாலிடோமைடு என்னும் மருந்து 1957இல் ஜெர்மனியில் உறக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கருவுற்ற தாய்மார் அதனை உண்டதால் கைகால் குறைபட்ட குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கும் பிறந்தனர். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி சான்று போதவில்லை என்று அனுமதி மறுத்ததால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது. 1961இல் ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆனால் தொழுநோயாளருக்கு வரும் ஒருவகைக் கடும் வீக்கத்தை அம்மருந்து தணிப்பதால், பிரேசில் போன்ற நாடுகளில் அது தொடர்ந்து பயன்பட்டது. உறையின்மேல் கருவுற்ற பெண்ணின் உருவத்தை வரைந்து குறுக்கே கோடிட்டு எச்சரித்தார்கள். அப்படத்தைப் பார்த்த சில பெண்கள், இது கருவுறாமல் தடுக்கும் மருந்து என்று பொருள் கொண்டுவிட்டனர்! எச்சரிக்கையே அழைப்பாக மாறியது. அங்கே தாலிடோமைடு குறைபாட்டோடு குழந்தைகள் மீண்டும் பிறந்தன.

எழுதியவர் நினைத்ததைப் படிப்பவர் உணர்ந்தாரா என்று கேட்டுப் பார்க்காமல் எழுதிய எச்சரிக்கை முழுமையானதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்தோடு வரும் விளக்கத்தாள் அந்தந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும். அதனைப் பொதுமக்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்து, புரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்வையற்றோர் தடவிப் படிக்க மருந்தின் பெயரைப் பிரெயில் புள்ளிகளாலும் பொறிக்க வேண்டும் என்று 2004இல் விதித்தார்கள். கனடாவின் உறைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இணையாக நிற்கின்றன. தமிழகத்தில் விற்கும் மருந்துகளின் மேல் ஆங்கிலமே ஆட்சி செய்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்னும் எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சீட்டின்றி உண்ணாதீர் என்பதைக் காட்டச் செங்கோடு ஒன்று உண்டு. அதன் பொருளை மக்களுக்கு உணர்த்த 2016இல் அரசு ஓர் இயக்கமும் நடத்தியது. ஆனால் அக்கோட்டின் பொருளை அறிந்தவர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்?

ஏற்றுமதிக் குப்பியும் வீட்டுக் குப்பியும்

2022 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்திருந்தனர். அவர்கள் உட்கொண்ட இருமல் மருந்துகள் அரியானாவிலிருந்து ஏற்றுமதியானவை. அவற்றில் டைஎத்திலீன் கிளைக்காலும் அதன் இனமான எத்திலீன் கிளைக்காலும் இருந்தன என்று அந்நிறுவனம் கூறியது. இந்திய அரசு 2023 ஜூன் முதல் நாளிலிருந்து ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. ஏற்றுமதியாகும் இருமல் மருந்து ஒவ்வொன்றும் அரசு ஏற்கும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பின்னரே கப்பலேற வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது ஏற்றுமதிக் குப்பிகளுக்கு மட்டுமே. நம் ஊர்க் கடைக்குச் செல்லும் குப்பிகளை அது குறிப்பிடவில்லை.

இரண்டு ஆண்டுகளே கழிந்தன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் சளி காய்ச்சலோடு வந்த சிறு குழந்தைகள், சிறுநீர் நின்று ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளம் உயிர்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டோர். அவர்கள் குடித்த கோல்ட்ரிப் என்னும் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஒரு தொழிற்கூடத்தில் ஆக்கப்பட்டது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் மாதிரியைச் சோதித்தபோது நஞ்சின் அளவு நூற்றுக்கு 48.6 பங்கு என்று கண்டனர். ஏற்கத்தக்க வரம்பு நூற்றுக்கு 0.1 மட்டுமே. தமிழக அரசு அக்டோபர் முதல் நாளே அதன் விற்பனையைத் தடை செய்தது. பின்பு உரிமமும் நீக்கப்பட்டது.

இதில் லேபிளைப் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. அம்மருந்திலிருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்றும், அதனை லேபிளில் எழுத வேண்டும் என்றும் 2023 டிசம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி மாநிலங்களுக்கு எழுதியிருந்தார். அமெரிக்காவில் சளி மருந்து நிறுவனங்கள் 2008இலேயே நான்கு வயதுக்குட்பட்டோர்க்குக் கூடாது என்று எழுதத் தொடங்கிவிட்டன. நஞ்சு கலவாதிருந்தாலும் அக்குழந்தைகளுக்கு அம்மருந்து ஏற்றதன்று.

காம்பியாவின் குழந்தைகளுக்காக எழுதிய விதி சிந்துவாராவின் குழந்தைகளைக் காக்கவில்லை. அயல்நாட்டில் நம் நற்பெயர் கெட்டபோது சோதனை கட்டாயமாயிற்று. உள்நாட்டில் சென்னை, குர்கான், ராம்நகர் என்று அடுத்தடுத்துக் குழந்தைகள் மாண்டபோது அவ்வாறு ஆகவில்லை. ஒரே நாட்டில், ஒரே வகை மருந்துக்கு, குடிக்கப் போகிறவர் யார் என்பதைப் பொறுத்து இரு நீதிகள் அமைந்துவிட்டன. நாடுகளுக்கிடையேயான வேறுபாடு என்று தொடங்கிய நம் ஆய்வு, நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

படித்த ஒரு மனிதர்

லேபிளைப் படிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 2006இல் மத்திய அமெரிக்காவின் பனாமா நாட்டில் அரசே தயாரித்த இருமல் மருந்தால் நூறு பேருக்குமேல் இறந்தனர். சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாகக் கைமாறி வந்த பீப்பாய்களில் கிளிசரின் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது அதே டைஎத்திலீன் கிளைக்கால். மறு ஆண்டில் பனாமா நகரக் கடையொன்றில் எதுவர்தோ அரியாஸ் என்னும் பழங்குடியினத்தவர் மலிவான பற்பசைக் குழாய் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதன் பொருள் பட்டியலில் அந்த நஞ்சின் பெயர் வெளிப்படையாகவே அச்சிடப்பட்டிருந்தது. எத்தனையோ பேர் கையில் எடுத்த குழாய் அது. அரியாஸ் மட்டும் அதனை வாங்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகச் சென்று முறையிட்டார். விளைவாகப் பல நாடுகளில் அப்பற்பசை திரும்பப் பெறப்பட்டது. அவர் மருத்துவரும் அல்லர், அறிவியலாளரும் அல்லர். எழுதியிருந்ததைப் படித்தார், அவ்வளவே.

நாமும் செய்யத்தக்கவை சில உள. குழந்தைக்குத் திரவ மருந்து வாங்கும்போது வயது வரம்பையும் கெடும் நாளையும் கடைக்காரரிடமே படித்துக் காட்டச் சொல்லலாம். அட்டையைக் கத்தரித்து வாங்க நேர்ந்தால், நாள் அச்சிட்ட பகுதியை நமக்குத் தருமாறு கேட்கலாம். அல்லது ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். ரசீது கேட்டுப் பெற்றால் தொகுதி எண் அதில் இருக்கும். தீங்கு நேர்ந்தால் அதுவே தடயம். சளி மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ வாந்தி நீடித்தாலோ ஒரு நாளும் தாழ்த்தாமல் குப்பியோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் முன்னணியிலுள்ள 300 மருந்துகளின் உறையில் கட்டக் குறியீடு அச்சிடப்படுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் அதனைக் கொண்டு பெரியோருக்கு விவரம் பார்த்துச் சொல்லலாம். நம் பங்குகளில் இயங்கும் இளையோர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் ஒரு ஞாயிறு மாலையில், வீட்டு மருந்துகளைக் கொண்டுவரச் செய்து படித்துக் காட்டினால் அது சிறந்த அயலார் அன்பாக அமையும்.

ஆயினும் நோயாளி எவ்வளவு படித்தாலும், படிக்க முடியாத ஒன்று குப்பிக்குள் இருக்கிறது. அதனை ஆய்வகமே படிக்க வேண்டும். அயல்நாட்டுக் குழந்தைக்கு அனுப்பும் குப்பியைச் சோதிக்க நம்மிடம் ஆய்வகம் உண்டு, அதிகாரியும் உண்டு, விதியும் உண்டு. அதே சோதனையை நம் கிராமத்துக் கடைக்கு வரும் குப்பிக்கும் செய்யுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையன்று. சென்னையில் 1972இல் இறந்த குழந்தைகள் உயிரோடிருந்திருந்தால் இன்று அவர்களுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். அவர்கள் பெயரால் ஒரு வரி எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டு போதாதா என்று நாம் உரத்துக் கேட்க வேண்டிய காலம் இது.